தண்டவாளமும் போனது, ஆளும் போனார்கள்

(சயாம் மரண ரயில்பாதையும் போருக்குப் பிந்திய நீதியும் என்ற பொருளில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலாக்கா நகரத்துக்கு ரயிலில் வர விரும்புகிறவர் பூலாவ் செபாங்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடித்துத்தான் நகரத்துக்கு வந்து சேர வேண்டும். வெளியூர் விருந்தினர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. ஆண்டு முழுவதும் சுற்றுப்பயணிகள் வந்துகொண்டே இருக்கும் இந்த நகரத்துக்குள் ரயில் ஏன் வரவில்லை?

ஒரு காலத்தில் வந்தது. தம்பினிலிருந்து மலாக்கா வரை ஒரு கிளைப்பாதை 1905-ல் திறக்கப்பட்டது. இருபது மைலுக்குச் சற்று அதிகமான தூரம். ஜப்பானியர் ஆட்சியில் அந்தப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர் முடிந்த பிறகு அதை யாரும் திரும்பப் போடவில்லை.

தண்டவாளம் போனதைப் பற்றிக் கேட்டால் மைல் கணக்கில் பதில் சொல்லலாம். அதே திசையில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், அசகான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆட்கள் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், திரும்பாதவர்களின் பெயர் என்ன என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இரும்புக்கு இருக்கும் கணக்கு மனிதனுக்கு இல்லாமல் போனது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

போருக்குப் பிந்திய நீதி என்றால் நம்மவர்களுக்கு உடனே ஹேக் நகரத்து நீதிமன்றம் நினைவுக்கு வரும். ருவாண்டா, போஸ்னியா, முள்ளிவாய்க்கால் என்று பேச்சு போகும். அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த நீதியின் வரலாற்றில் மலாயாத் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் எழுத்துகள் மிகக் குறைவு.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மலாக்காவைப் பிடித்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டத்துத் துரைமார்கள் ஓடினார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால் மரம் வெட்டினால்தான் கூலி என்று வாழ்ந்த லயத்து மக்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் சாப்பாடு. உடுத்தத் துணி இல்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்ட காலம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலாயாவிலேயே முதன்முதலாக ரப்பரை வணிகப் பயிராகப் போட்டது மலாக்காவில்தான். 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் போட்டார். அந்தப் பெருமைக்குரிய மண்ணில் பாலும் ஓடவில்லை, உலையும் கொதிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை என்ற அறிவிப்பு வந்தது. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்றார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆள் சேரவில்லை என்றதும் தோட்டம் தோட்டமாக இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். கிராணியும் கங்காணியும் பட்டியல் போட்டார்கள். தன் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த லயத்துப் பிள்ளையின் பெயரை எழுதினார் என்று சில கங்காணிகள் மீது இன்னும் ஆறாத கோபம் உண்டு. அந்தக் கங்காணியின் தலைக்கு மேலே துப்பாக்கி இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கள்ளுக்கடை வாசலில், சந்தையில், சடக்கில் நடந்து போனவரைப் பிடித்து லாரியில் ஏற்றியதும் உண்டு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்துக் கொட்டகையின் கதவைப் பூட்டிய கதையும் வாய்மொழியாக வந்திருக்கிறது. சில இடங்களில் பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாகவே போனார்கள்.

சாமான் ஏற்றும் பெட்டிகளில் அடைத்து, பல நாள் பயணம். தாய்லாந்தின் பான் போங்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடை. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-ன் நடுவில் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலையைக் குடைவதற்குச் சுத்தியலும் உளியும், மண் சுமக்கக் கூடை, மரம் இழுக்க யானை. மீதிக்கு மனிதன்.

போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கலாம். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 75 ஆயிரம். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். இறந்தவர் தொகையை 30 ஆயிரம் என்பாரும் உண்டு, 40 ஆயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. இரண்டு கணக்குக்கும் நடுவே பத்தாயிரம் உயிர் இருக்கிறது. ஒரு பத்தாயிரம் பேர் இறந்தார்களா இல்லையா என்று சொல்ல முடியாத நிலை, கணக்கே எழுதப்படாத இடத்தில் மட்டும்தான் வரும்.

கைதிகளின் நிலை கொடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களிடம் படை ஒழுங்கு இருந்தது. அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிவிடத்தைத் தள்ளி வெட்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று மூங்கில் குழாய்க்குள் ஒளித்துவைத்தாவது ஒருவர் எழுதி வைத்தார். தோட்டத்திலிருந்து போன கூட்டத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக மாண்டார்கள். ஆற்றிலும் காட்டிலும் போட்டார்கள், குவியலாக எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். அடுத்த நாள் அந்த இடத்துக்குப் புதுக்கூட்டம் வந்தது.

கஞ்சனாபுரியில் போர்க் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, காமன்வெல்த் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. வீரரின் பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி. நம்நாட்டுச் சுற்றுப்பயணிகள் அங்கே போய், ஒரு தமிழ்ப் பெயராவது கண்ணில் படுமா என்று வரிசை வரிசையாகத் தேடுவதுண்டு. தோட்டத்துக் கூலி அங்கே கிடையாது. அது போர்வீரர்களுக்கான கல்லறை.

தமிழ் எழுத்து இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1944-ல் அதே ஊரில் ஜப்பானிய ரயில்வே படையினர் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பல மொழிகளில் பொறித்த அஞ்சலி வரிகளில் தமிழும் இருக்கிறது. கொன்றவர்களே கல்லை நட்டார்கள். அந்தக் கல்லிலும் ஆட்களின் பெயர் இல்லை. 1990-ல் கஞ்சனாபுரியில் ஒரு கரும்பு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. அவற்றில் மலாக்காக்காரர் எவர், பேராக்காரர் எவர் என்று யார் சொல்வது?

நீதிமன்றங்கள் என்ன செய்தன?

போர் முடிந்ததும் வழக்குகள் நடக்காமல் இல்லை. 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் மட்டும் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் 131 போர்க்குற்ற வழக்குகளை விசாரித்தன. ரயில்பாதைப் பணியைத் தலைமை தாங்கிய ஜெனரல் இஷிடா எய்குமா விசாரிக்கப்பட்டுப் பத்தாண்டுச் சிறை பெற்றார். வேறு சில அதிகாரிகள் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றின் மையம் போர்க்கைதிகள். ஆசியத் தொழிலாளர்களை வதைத்ததற்காக நடந்த வழக்குகள் சொற்பம்.

காரணம் தேடுவது கடினமில்லை. வழக்குக்குச் சாட்சி வேண்டும், தேதி வேண்டும், பெயர் வேண்டும். படைவீரர் தாயகம் திரும்பும் முன்பே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். காட்டில் இருந்து நடந்தே வந்த தோட்டக்காரரிடம் வாக்குமூலம் கேட்க யார் ஜாசினுக்கு வந்தார்கள்? வந்தவருக்கு வேலை மீண்டும் பெரட்டுக் களத்தில்தான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போகும் நிலையில் அவர் இல்லை.

தோக்கியோவில் 1946 முதல் 1948 வரை நடந்த அனைத்துலக இராணுவ நீதிமன்றமோ தன் தீர்ப்பில் இந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசியது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் கொண்டு செல்லப்பட்டார்கள், குறைந்தது 60 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று பதிந்தது. பொய்யான வாக்குறுதி தந்தும் வலுக்கட்டாயமாகவும் ஆள் பிடித்ததைச் சொன்னது. உலக நீதிமன்றம் ஒன்று தோட்டத் தொழிலாளியின் துன்பத்தை உண்மை என ஏற்றுக்கொண்ட அரிய இடம் அது. ஆனால் அந்தத் தீர்ப்பு தோட்டத்துக்கு வரவே இல்லை. தமிழில் அச்சாகி லயத்தில் வாசிக்கப்பட்டிருந்தால், அந்த விதவைகளுக்கு அதுவே பாதி ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இதற்குச் சட்டம் இருக்கவில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அது சரியல்ல. கட்டாயத் தொழிலுக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் உடன்படிக்கை 1930-லேயே வந்துவிட்டது. ஜப்பான் 1932-ல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கத்தான் ஆள் இல்லை.

அடுத்து இழப்பீடு. இங்கேதான் கதை மனத்தை அதிகம் நோகச் செய்கிறது.

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. உடன்படிக்கையில் குறிப்பிட்டவை தவிர மற்ற இழப்பீட்டுக் கோரிக்கைகளை நேச நாடுகள் விட்டுக்கொடுத்தன. மலாயா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. லண்டன் கையெழுத்துப் போட்டது. போர்க்கைதிகளுக்கு மட்டும் 16-ஆவது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. நடுநிலை நாடுகளிலும் எதிரி நாடுகளிலும் இருந்த ஜப்பானியச் சொத்துகளைச் செஞ்சிலுவைக் குழுவிடம் ஒப்படைத்து, கைதிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தது. பிரிட்டனில் ஒரு முன்னாள் கைதிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 76 பவுன். அவர்களே அது போதாது என்று ஐம்பது ஆண்டுகள் போராடினார்கள். 2000-ல் பிரிட்டிஷ் அரசு தன் கருவூலத்திலிருந்தே உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 10 ஆயிரம் பவுன் கொடுத்தது. இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கும் கொடுத்தது. அதே பாதையில் அதே மண்ணைச் சுமந்த தோட்டத் தொழிலாளி அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, இந்தியாவாவது கேட்டதா? தோட்டத்தில் இருந்தவர்களில் பலர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள்தானே? இந்தியா சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகவில்லை. 1952 ஜூனில் ஜப்பானோடு தனியாகச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. அதில் பெருந்தன்மையோடு எல்லா இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை நாடுகளின் நட்புக்கு நல்லதாக இருந்திருக்கலாம். அதற்கான விலையில் ஒரு பகுதியை மெர்லிமாவ் தோட்டத்து விதவையும் கட்டினார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஆளின் கோரிக்கையை இரண்டு தலைநகரங்கள் இரண்டு தடவை விட்டுக்கொடுத்தன. அந்த ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலாயா சுதந்திரம் பெற்ற பிறகு இரத்தக் கடன் என்ற முழக்கம் எழுந்தது. ஜப்பானியர் காலத்தில் கொன்று குவிக்கப்பட்ட சீனச் சமூகத்தினர் அதில் முன்னே நின்றார்கள். சயாமிலிருந்து திரும்பிய தொழிலாளர்களும் 1950-களில் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்திருந்தார்கள். 1967 செப்டம்பர் 21-ல் மலேசியாவும் ஜப்பானும் ஓர் உடன்படிக்கை செய்தன. இரண்டரைக் கோடி வெள்ளி. ரொக்கமாக அல்ல, பொருளாகவும் சேவையாகவும். அதில் வந்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். நாட்டின் கப்பல் நிறுவனம் அந்தக் கப்பல்களோடு வளர்ந்தது. போர்க்காலப் பிரச்சினை அத்துடன் முற்றாகத் தீர்ந்தது என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன.

கப்பல் நாட்டுக்கு வேண்டியதுதான். அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் கணவனைக் கொடுத்தவருக்குக் கப்பலில் என்ன பங்கு? அவருக்குக் கணவன் இறந்ததற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்கள் லயத்துக்கு லயம் இருந்தார்கள். சிலர் மறுமணம் செய்துகொண்ட பிறகு முதல் கணவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து நின்றதாகவும் கதைகள் உண்டு. திதி கொடுக்க நாள் தெரியாது. ஆடி அமாவாசையில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1982-ல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தது. நம் பிள்ளைகள் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள், ஜப்பானியத் தொழிற்சாலைகள் இங்கே வந்தன. 1994-ல் ஜப்பானியப் பிரதமர் முராயாமா வந்தபோது, ஐம்பதாண்டுக்கு முந்தியதற்கு ஜப்பான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது ஏன் என்று புரியவில்லை என்ற கருத்தை டாக்டர் மகாதீர் சொன்னார். ஒரு பிரதமராக அவர் கோணத்தில் அது சரி. நாடுகளுக்கிடையே சமாதானம் வந்துவிட்டது. ஆனால் நாடுகளின் சமாதானமும் மனிதர்களின் நீதியும் ஒன்றல்ல. ஒன்று வந்ததால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

மனிதர்களின் சமாதானம் எப்படி இருக்கும் என்பதற்கும் அதே ரயில்பாதையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாகசே தகாஷி என்பவர் கஞ்சனாபுரியில் ஜப்பானிய இராணுவப் போலீசின் மொழிபெயர்ப்பாளர். எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி சித்திரவதை செய்யப்பட்டபோது பக்கத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு நாகசே தாய்லாந்துக்கு நூறு தடவைக்கு மேல் வந்து பரிகாரப் பணிகள் செய்தார். குவாய் ஆற்றுப் பாலத்தருகே ஒரு சமாதான ஆலயமும் கட்டினார். 1993-ல் லோமாக்ஸ் அவரைத் தேடி வந்து அந்தப் பாலத்தருகே சந்தித்தார். பழிவாங்கும் எண்ணத்தோடு வாழ்ந்தவர் இறுதியில் மன்னித்தார். புத்தகமாகவும் படமாகவும் வந்து உலகம் அறிந்த கதை.

நெகிழ வைக்கும் கதைதான். ஆனால் அந்தச் சந்திப்பு நடக்க என்ன தேவைப்பட்டது? அவருக்கு இவர் பெயரும் முகமும் தெரிந்திருந்தது. இருவரும் எழுதினார்கள், இருவர் எழுத்தும் அச்சானது. தோட்டத்துத் தமிழரை அடித்த காவலாளிக்கு அவர் பெயர் தெரியாது. இவருக்கும் அவன் பெயர் தெரியாது. மன்னிக்கலாம் என்று நினைத்தாலும் யாரைத் தேடிப் போவது? மன்னிப்பதற்குக்கூட முகவரி வேண்டியிருக்கிறது. 1957-ல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதையில் தமிழர்கள் இருந்ததாகவே தோன்றாது. படம் பிடிக்கப்பட்டது இலங்கைக் காட்டில் என்பது இன்னொரு வேடிக்கை.

இன்றைய சட்டம் எங்கே வந்திருக்கிறது?

ரோம் சாசனம் 1998-ல் எழுதப்பட்டு, 2002 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மனிதரை அடிமையாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்கில் பங்கேற்கலாம், நீதிமன்றமே இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். இதுதான் பழைய நீதிமன்றங்களில் இல்லாதது. கொங்கோவில் ஒரு கிராமத்தைத் தாக்கிய வழக்கில் கத்தாங்கா என்பவருக்குத் தண்டனை கொடுத்த பின், 2017-ல் 297 பேருக்குத் தலா 250 அமெரிக்க டாலர் என்று அடையாள இழப்பீடு விதித்தார்கள். பணம் சிறியது. ஆனால் 297 என்பதைக் கவனிக்க வேண்டும். முந்நூறு என்று உருட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய மனுவும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டது. சயாமுக்குப் போனவர்களுக்கு அப்படி எண்ணப்பட்ட நாள் வரவில்லை.

இந்தச் சாசனம் பின்னோக்கிப் போகாது. 1943-ஐ அது தொடாது. ஜப்பான் 2007-ல் உறுப்பு நாடானது. மலேசியா 2019 மார்ச்சில் சேர்வதாகக் கையெழுத்திட்டு, உள்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் ஏப்ரலில் பின்வாங்கியது. அதன் அரசியலைப் பேச இது இடமல்ல. ஆனால் அன்று நடந்த விவாதம் முழுவதும் ஆள்பவர்கள் மீது வழக்கு வருமா என்பதைச் சுற்றியே ஓடியது. பாதிக்கப்படும் எளிய மனிதனுக்கு அதில் என்ன கிடைக்கும் என்ற கேள்வி எழவே இல்லை என்று சொல்லிவிடலாம். 75 ஆயிரம் பேரை அனுப்பிக் கொடுத்த நாட்டில் அந்தக் கேள்வி முதலில் எழுந்திருக்க வேண்டும்.

போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் 1995-ல் ஏறக்குறைய 8 ஆயிரம் ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். எலும்புகளை மரபணுச் சோதனை செய்து, பெரும்பாலோரைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் ஜூலை 11-ல், அந்த ஆண்டு அடையாளம் காணப்பட்டவர்களைப் பெயர் சொல்லி அடக்கம் செய்கிறார்கள். இலங்கையிலோ காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016-ல் சட்டம் வந்தும், கிளிநொச்சித் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் சாலையோரத்தில் உட்கார வேண்டி வந்தது. கையில் பிள்ளையின் படம், அடியில் பெயர், காணாமல் போன தேதி. அந்தத் தாய்மாருக்கு நீதி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்த ஒன்றை மலாயாத் தோட்டங்களில் செய்ய முடியாமல் போயிற்று. பெயரையும் தேதியையும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே அந்தப் பணியை முதலில் செய்தவர்கள் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லாவிட்டால் இளைய தலைமுறைக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்காது. அண்மை ஆண்டுகளில் நம் நாட்டு ஆர்வலர்கள் கஞ்சனாபுரிக்குப் போய் வருகிறார்கள், உயிரோடிருந்தவர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள், ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவுக்கல் வைக்கப் பாடுபட்டார்கள். கல் வைப்பது நல்லது. கல்லில் எழுதப் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர்கள் எங்கே இருக்கும்? தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். 1943-ல் ஏதோ ஒரு நாளோடு அந்த வரி நின்றுபோயிருக்கும். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கம்பெனிகள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. லயம் இடிபட்டபோது அலுவலக அலமாரியைப் பத்திரப்படுத்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எங்காவது ஒரு பழைய கிராணி வீட்டுப் பரணில் ஒரு புத்தகம் கிடந்தால், அதைப் பழைய காகிதக்காரரிடம் போடாமல் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது பெரிய தொண்டு. கோயில் நன்கொடைப் பட்டியல்களும் அப்படித்தான். 1941 திருவிழாவுக்கு வரி கொடுத்தவரின் பெயர் 1946 பட்டியலில் இல்லையென்றால், அது ஒரு தடயம்.

அடுத்தது மனிதர்களின் நினைவு. அப்பா லாரி ஏறியதை எட்டு வயதில் பார்த்த பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு வயது. மலாக்கா மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். மகன் வீட்டு அடுக்குமாடியிலோ, தாமானிலோ, முதியோர் இல்லத்திலோ இருப்பார்கள். அவர்களிடம் வரலாறு சொல்லுங்கள் என்று கேட்டால் எனக்கென்ன தெரியும் என்றுதான் பதில் வரும். வேறு விதமாகக் கேட்க வேண்டும். போனவர் பெயர் என்ன, அவர் தகப்பனார் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கூடப் போனவர் யார், மழைக்காலமா வெயில்காலமா, யாராவது திரும்பி வந்து ஏதாவது சொன்னார்களா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்கும். ஏனென்றால் திரும்பி வந்தவரிடம் லயமே கூடிநின்று அதைத்தான் கேட்டது: எங்க வீட்டாளப் பாத்தியா?

பள்ளித் தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் இதை ஆறாம் ஆண்டு மாணவர்களின் விடுமுறைப் பணியாகவே கொடுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். ஜாசின் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பத்துத் தாள் சேர்ந்தால், அந்தப் பத்துப் பெயரையும் கோயில் முன்மண்டபத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கப் பெரிய செலவாகாது. எழுதும்போது இறந்த தேதி என்ற கட்டத்தை வெறுமையாக விடுவதா, 'சயாம், 1943' என்று எழுதுவதா என்ற கேள்வி வரும். அதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும்.